ஓர் ஏரியை நம்பி நிற்கும் இறால் குஞ்சுகள்

வனாமி என்னும் வளர்ப்பு இறாலின் குஞ்சுப் பொரிப்பகங்களில் (ஹேட்சரிகளில்) வேலை செய்கிறவர்களுக்கு அக்டோபர் பிறந்தால் ஒரு கவலையும் கூடவே பிறந்துவிடுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் ஏரியில், இறால் குஞ்சுகளுக்கு உயிர்த்தீவனமாகும் ஆர்ட்டீமியாவின் முட்டை அறுவடை அந்த மாதம் முதல் தேதி தொடங்கி ஜனவரி இறுதி வரை நடக்கும். அங்கே எவ்வளவு கிடைத்தது, எந்தத் தரத்தில் கிடைத்தது என்பதைப் பொறுத்தே மரக்காணம், மகாபலிபுரம் வட்டாரத்திலும் ஆந்திரக் கடற்கரையிலும் இருக்கிற ஹேட்சரிகளின் அடுத்த ஆண்டுக் கணக்கு அமைகிறது. அறுவடை சுமார்தான் என்று செய்தி வந்தால் முட்டை டப்பாவின் விலை ஏறும். ஏறிய விலை கொடுத்தாலும் நல்ல சரக்கு கைக்கு வரும் என்ற உறுதி கிடையாது.

இந்தத் தட்டுப்பாட்டைப் பற்றி எங்கள் தொழிலில் புலம்பல் நிறைய உண்டு. அது எதனால் வருகிறது என்று உட்கார்ந்து பேசுவது குறைவு. கிழக்குக் கடற்கரையோரப் பொரிப்பகம் ஒன்றில் உயிர்த்தீவனப் பிரிவைக் கவனித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தட்டுப்பாட்டின் ஒரு பாதி அந்த ஏரியில் உண்டாகிறது. மறு பாதி நம்முடைய பொரிப்புத் தொட்டிகளில் வீணாவதாலும், நம் கடற்கரை உப்பளங்களை நாம் பயன்படுத்தாமல் விட்டிருப்பதாலும் உண்டாகிறது.

ஆர்ட்டீமியா என்பது அரை அங்குலத்துக்கும் குறைந்த நீளமுள்ள ஓர் உவர்நீர் உயிரி. கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய நீரில், மீனோ வேறு எதிரியோ வாழ முடியாத இடத்தில், பாசியைத் தின்று பெருகும். சூழல் ஒத்துவரும்போது பெண் ஆர்ட்டீமியா நேரடியாகவே குஞ்சு ஈனும். உப்பு மிகுந்தாலோ, பிராணவாயு குறைந்தாலோ, குளிரும் குறும்பகலும் வந்தாலோ குஞ்சுக்குப் பதிலாகக் கெட்டியான ஓடுடைய முட்டைகளை வெளியிடத் தொடங்கும். தொழிலில் நாங்கள் சிஸ்ட் என்று சொல்வது இவற்றைத்தான். கால் மில்லிமீட்டர் அளவுள்ள அந்தப் பழுப்புத் துகளுக்குள் கரு தன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்குகிறது. உலர்த்தி, காற்றுப் புகாமல் டப்பாவில் அடைத்து வைத்தால் ஆண்டுக் கணக்கில் கெடாது. உப்புநீரில் போட்டுக் காற்றும் வெளிச்சமும் கொடுத்தால் ஒரு நாளுக்குள் நாப்ளி என்னும் ஆரஞ்சு நிறக் குஞ்சாக நீந்தத் தொடங்கிவிடும்.

இந்த ஒரு குணம்தான் இதை ஈடற்றதாக்கியது. இறால் குஞ்சு, சோயியா என்னும் தொடக்கப் பருவத்தில் கீட்டோசெரோஸ், தலாசியோசிரா போன்ற பாசிகளைத் தின்கிறது. மைசிஸ் என்னும் அடுத்த பருவம் தொடங்கியதும் அசைகிற, மென்மையான, வாய்க்குள் அடங்குகிற இரை அதற்கு வேண்டும். கடல் மீன் குஞ்சுகளில் பலவற்றுக்கும் அப்படித்தான். அசையாத தூள் தீவனத்தை அவை ஓரளவுக்குத்தான் ஏற்கும். ஏற்காமல் அடியில் தங்கியது தண்ணீரைக் கெடுக்கும். 1933-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்வின் சீலும், 1939-இல் நார்வேயின் குன்னார் ரோலெஃப்சனும் ஆர்ட்டீமியா நாப்ளி மீன் குஞ்சுகளுக்குச் சிறந்த முதல் உணவு என்று எழுதினார்கள். இன்றைய குஞ்சுப் பொரிப்புத் தொழில் முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் எழுந்திருக்கிறது. உலகம் இப்போது ஆண்டுக்கு 3,000 டன்னுக்கும் அதிகமான உலர் முட்டையைப் பயன்படுத்துகிறது. அதில் மிகப் பெரும்பகுதி இயற்கையான உப்பு ஏரிகளிலிருந்து அள்ளப்படுவது. யாரும் விதைத்து வளர்த்தது அன்று. தட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். இறாலை வளர்க்கிறோம், மீனை வளர்க்கிறோம். ஆனால் அவற்றின் குஞ்சுகளுக்கான இரைக்கு இன்னும் வேட்டையையே நம்பியிருக்கிறோம்.

கிரேட் சால்ட் ஏரியில் அந்த வேட்டை நடக்கும் முறை கவனிக்கத்தக்கது. இலையுதிர் காலத்தில் முட்டைகள் நீர்மட்டத்துக்கு மிதந்து வந்து, காற்று தள்ளும் திசையில் சேர்ந்து, செம்பழுப்பு நிறத்தில் நீண்ட பட்டைகளாகப் படரும். சிறு விமானங்களில் பறந்து பட்டை இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்வார்கள். படகுகள் விரைந்து சென்று, எண்ணெய்க் கசிவைத் தடுக்கப் பயன்படுத்தும் மிதவை வேலியால் அந்தப் பட்டையை வளைத்துக்கொள்ளும். பிறகு உறிஞ்சிப் பைகளில் நிரப்புவார்கள். ஒரு காலத்தில் நிறுவனங்களுக்கிடையே கடும் போட்டி இருந்தது. 2006-இல் அறுவடை செய்வோர் பலர் சேர்ந்து கூட்டுறவு அமைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்ட பிறகு அந்தப் பரபரப்பு பெருமளவு தணிந்தது.

அறுவடைக்கு ஓர் எல்லையும் உண்டு. யூட்டா மாநில வனவிலங்குத் துறை ஏரியின் பல இடங்களில் நீரை எடுத்து முட்டைகளை எண்ணிப் பார்க்கிறது. அடுத்த வசந்தத்தில் ஏரி மீண்டும் உயிர் பெற லிட்டருக்கு 21 முட்டைகள் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவு. எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கும் நிலை வந்தால் பருவம் முடியும் முன்பே அறுவடையை நிறுத்திவிடுவார்கள். ஏரியை நம்பி இலட்சக்கணக்கான பறவைகளும் இருக்கின்றன. குறிப்பாகக் காதுமுக்குளிப்பான் என்னும் பறவை இலையுதிர் காலத்தில் அங்கே தங்கி, ஆர்ட்டீமியாவைத் தின்று கொழுத்த பிறகே தெற்கே பறக்கிறது. அதனால் இந்தக் கட்டுப்பாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அறுவடை நிறுத்தப்பட்ட ஆண்டில் நமக்கு விலை ஏறலாம். நிறுத்தாமல் விட்டிருந்தால் அதற்கடுத்த ஆண்டில் வாங்குவதற்கே எதுவும் இருந்திராது.

ஆனால் எல்லை வகுத்து அறுவடை செய்தாலும் ஏரியின் உப்பு யார் கையிலும் இல்லை. 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட இரயில்பாதைக் கரை ஏரியை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தது. பெரிய ஆறுகள் தெற்குப் பகுதியில் வந்து சேர்கின்றன. வடக்கில் நீர் வரத்துக் குறைவு. அதனால் வடபகுதி உப்புப் படியும் அளவுக்குச் செறிந்து இளஞ்சிவப்பாகிவிட்டது. ஆர்ட்டீமியா செழிப்பது தெற்கில்தான், அதுவும் உப்பின் அளவு 12 முதல் 16 சதவீதம் வரை இருக்கும்போது. இந்த அளவு இரண்டு திசையிலும் தவறும், தவறியும் இருக்கிறது. 1980-களின் நடுவில் பெருமழையும் பனிப்பொழிவும் தொடர்ந்து ஏரி நிரம்பியபோது தென்பகுதியின் உப்பு 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உப்பு குறைந்த இடத்துக்கு எதிரிப் பூச்சிகள் வந்துவிட்டன. ஆர்ட்டீமியா ஏறத்தாழ இல்லாமலே போனது. வழக்கமாக உப்பு மிஞ்சிய வடபகுதி அப்போது தாங்கிக்கொண்டது. 1990-களின் இறுதியிலும் ஈரமான ஆண்டுகள் தொடர்ந்து உப்பு குறைந்து, அறுவடை வெகுவாகச் சரிந்தது. உலகச் சந்தையில் இன்றும் மூத்தவர்கள் நினைவுகூரும் பஞ்சம் அந்த ஆண்டுகளில் வந்ததுதான்.

அண்மையில் வந்த அச்சம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஏரியில் கலக்கும் பேர், வீபர், ஜோர்டான் ஆகிய ஆறுகளின் நீரைப் பாசனத்துக்கும் நகரங்களுக்கும் திருப்பிக்கொண்டே வந்ததாலும், வறட்சி நீடித்ததாலும் ஏரி சுருங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் நீரில் 73 சதவீதத்தையும் பரப்பில் 60 சதவீதத்தையும் ஏரி இழந்துவிட்டது என்று 2023 ஜனவரியில் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட அறிக்கை கூறியது. 2021 ஜூலையில் வரலாறு காணாத அளவுக்கு நீர்மட்டம் தாழ்ந்தது. 2022-இல் அதையும் கடந்து, நவம்பரில் கடல் மட்டத்திலிருந்து 4,188.5 அடி என்ற அளவில் நின்றது. தென்பகுதியின் உப்பு 18 சதவீதத்தைத் தாண்டியது. அந்த உப்பில் ஆர்ட்டீமியா உயிரோடு இருக்கும்; ஆனால் தன் உடலில் உப்பைச் சமன்செய்வதிலேயே ஆற்றலைச் செலவழிப்பதால் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் குன்றும். அதன் உணவான பாசியும் குறையும்.

அப்போது யூட்டா ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் 2023 பிப்ரவரியில் ஓர் ஆணை பிறப்பித்து, இரயில்பாதைக் கரையின் பாலத்துக்கடியில் இருக்கும் தடுப்பணையை 5 அடி உயர்த்தச் செய்தார். வடக்கின் கொடிய உப்புநீர் தெற்கே கலக்காமலும், தெற்கில் வந்துசேரும் நன்னீர் வடக்கே ஓடிவிடாமலும் தடுப்பதே நோக்கம். அந்தக் குளிர்காலத்தில் பனி அபரிமிதமாகப் பொழிந்தது, உருகிய நீரைத் தெற்கு தாங்கிக்கொண்டது, உப்பு இறங்கியது. ஒரு மாநிலத்தின் ஆளுநர் ஒரு பாலத்தடி அணையைப் பற்றி எடுத்த முடிவு, அடுத்த ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தொழிலாளி எத்தனை டப்பா திறப்பார் என்பதோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. எங்கள் தொழிலில் இருக்கும் இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

இதே போன்ற பஞ்சம் 1970-களிலும் வந்தது. குஞ்சுப் பொரிப்புத் தொழில் அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தது. தேவை கூடியது, வரத்துக் கூடவில்லை, விலை எகிறியது. வளரும் நாடுகள் பலவற்றால் வாங்கவே முடியாத நிலை. 1976-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு நடத்திய மீன்வளர்ப்பு மாநாட்டில் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிக் சோர்கெலூஸ் ஒரு துணிச்சலான வாதத்தை வைத்தார்: இந்தத் தட்டுப்பாடு செயற்கையானது, தற்காலிகமானது, உலகில் ஆர்ட்டீமியா வளரக்கூடிய உப்பளங்கள் ஏராளமாக இருக்கின்றன, அங்கே கொண்டுபோய் விட்டால் போதும் என்பது அவர் கட்சி. சொன்னதோடு நிற்கவில்லை. 1977-இல் பிரேசிலின் வடகிழக்கில் மக்காவ் என்னும் ஊரின் உப்பளங்களில் சான் பிரான்சிஸ்கோ வகை ஆர்ட்டீமியா விடப்பட்டது. அது அங்கே வேரூன்றி, காற்றாலும் பறவைகளாலும் பக்கத்து உப்பளங்களுக்கும் பரவியது. 1978-இல் கெண்டில் ஆர்ட்டீமியாவுக்கென்றே ஓர் ஆய்வு மையமும் தொடங்கப்பட்டது. இன்று நாங்கள் அன்றாடம் கடைப்பிடிக்கும் பொரிப்பு முறைகளில் பெரும்பாலானவை அந்த மையத்தின் வழியாக உலகுக்கு வந்தவை.

கிரேட் சால்ட் ஏரிக்கு வெளியே சரக்கு கிடைக்கும் இடங்கள் இப்போது பல. சீனாவின் போஹாய் வளைகுடா உப்பளங்கள், சைபீரியாவின் அல்த்தாய்ப் பகுதி ஏரிகள், கஜகஸ்தான் ஏரிகள் ஆகியவற்றிலிருந்து கணிசமாக வருகிறது. நீர் வற்றி உப்பேறிய ஆரல் கடலில் மீன்கள் அழிந்த பிறகு ஆர்ட்டீமியா பெருகி, உஸ்பெகிஸ்தானில் அறுவடையாகிறது. ஒரு பேரழிவின் மிச்சம் அது. ஈரானின் உர்மியா ஏரியோ உப்பு 30 சதவீதத்தையும் தாண்டும் அளவுக்கு வறண்டு, தனக்கே உரிய ஆர்ட்டீமியா இனத்தைத் தாங்க முடியாமல் போனது. ஆக, ஒரே ஏரியை நம்பியிருந்த நிலை மாறி, ஏழெட்டு நீர்நிலைகளை நம்பியிருக்கும் நிலை வந்திருக்கிறது. அவையும் வறட்சிக்கும் மழைக்கும் ஆற்றுநீர்ப் பங்கீட்டுக்கும் கட்டுப்பட்டவையே.

இனி நம் பக்கம். 2009-இல் வனாமிக்கு அனுமதி கிடைத்ததற்குப் பிறகு நம் கடற்கரையில் பொரிப்பகங்கள் பெருகின. தாய் இறாலையும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறோம். நீலாங்கரையில் உள்ள தொற்றுக்காப்பு நிலையத்தில் வைத்துப் பரிசோதித்த பின்பே அவை ஹேட்சரிக்கு வருகின்றன. ஆர்ட்டீமியா டப்பாவுக்கு அப்படிப்பட்ட காவல் எதுவும் நடைமுறையில் எங்கள் கண்ணில் படுவதில்லை. தட்டுப்பாடு காலத்தில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரியும். பெயர் தெரியாத வியாபாரிகள் வருவார்கள். முத்திரை புதிதாக இருக்கும், உள்ளே சரக்கு பழையதாக இருக்கும். 90 சதவீதம் பொரிக்கும் என்று அச்சிட்ட டப்பா 60-ஐத் தாண்டாது. ஒரு முறை அப்படி ஒரு சரக்கைப் பற்றி விற்றவரிடம் கேட்டபோது, உங்கள் தண்ணீர் சரியில்லை என்று பதில் வந்தது. அதே தண்ணீரில், அதே வேளையில், பக்கத்துத் தொட்டியில் பழைய இருப்பு நன்றாகப் பொரித்துக்கொண்டிருந்தது.

பொரிப்பு விகிதம் குறைவதைப் பலர் விலைக் கணக்காக மட்டும் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கே பெரிதுதான். 90 சதவீதம் பொரிக்கும் நல்ல சரக்கு ஒரு கிராமுக்கு 2.5 இலட்சத்துக்குக் குறையாமல் நாப்ளி தரும். 425 கிராம் டப்பாவிலிருந்து 10 கோடிக்கு மேல் கிடைக்கும். 60 சதவீதம் பொரிக்கும் சரக்கில் 7 கோடியைச் சற்றே தாண்டும். அதனால் டப்பா என்ன விலை என்று கேட்பதே தவறு. பத்து இலட்சம் நாப்ளிக்கு என்ன விலை என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் அதைவிடக் கேடானது, பொரிக்காமல் நின்ற முட்டைகள். அவை நாப்ளியோடு கலந்து தொட்டிக்குள் போனால் குஞ்சின் குடலை அடைக்கும். ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும், நோய் உண்டாக்கும் விப்ரியோ பாக்டீரியாவையும் கூடவே கொண்டுபோகும். மைசிஸ் தொட்டியில் குஞ்சுகள் காரணம் தெரியாமல் சாகும்போது தண்ணீரையும் பாசியையும் சோதிப்பவர்கள் ஆர்ட்டீமியா டப்பாவையும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

இருக்கிற முட்டையை முழுமையாகப் பொரிக்க வைப்பதுதான் தட்டுப்பாட்டுக்கு நம் கையில் இருக்கும் முதல் மருந்து. கூம்பு வடிவ அடியுள்ள தொட்டி, 25 முதல் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் இத்தனை பங்கு) உப்பு, 28 முதல் 30 டிகிரி வெப்பம், 8-க்குக் குறையாத பி.எச்., அடியிலிருந்து பலமான காற்று, முட்டை நனைந்த முதல் சில மணி நேரத்தில் நல்ல வெளிச்சம், லிட்டருக்கு 2 கிராமுக்கு மிகாத முட்டை. இவ்வளவுதான். எல்லோருக்கும் தெரிந்தவை; ஆனால் நெருக்கடி வேளையில் எல்லோரும் மீறுவதும் இவற்றையே. நாப்ளி போதவில்லை என்று அதே தொட்டியில் லிட்டருக்கு 4 கிராம் போடுகிறார்கள். அப்போது பி.எச். இறங்கி, பிராணவாயு குறைந்து, இரண்டு மடங்கு முட்டைக்கு ஒன்றரை மடங்கு நாப்ளிகூடக் கிடைப்பதில்லை.

அறுவடை செய்யும் நேரம் அதற்கடுத்து முக்கியமானது. காற்றை நிறுத்திவிட்டுத் தொட்டியின் மேற்பகுதியை மூடி, அடியில் ஒரு விளக்கைக் காட்டினால் ஐந்து பத்து நிமிடத்தில் தொட்டி மூன்றாகப் பிரியும். வெற்று ஓடுகள் மேலே பழுப்பு நுரையாகக் கட்டி நிற்கும். பொரிக்காத முட்டைகள் கூம்பின் நுனியில் கருமையாகப் படியும். அவற்றுக்குச் சற்று மேலே, வெளிச்சம் விழும் இடத்தில், நாப்ளிகள் அடர்ந்த ஆரஞ்சு மேகமாகத் திரளும். குழாயைத் திறந்து முதலில் வரும் கருநிறத்தைத் தனியே ஒதுக்கி, ஆரஞ்சு தெரிந்ததும் வலைக்குள் விட்டு, மேலேயுள்ள ஓடு இறங்கும் முன்பே மூட வேண்டும். இந்த இடத்தில் கை பழகியவர் நின்றால் விளையும் வேறுபாடு, நல்ல டப்பாவுக்கும் சுமாரான டப்பாவுக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் குறைந்ததன்று. காந்தத்தால் முட்டையையும் ஓட்டையும் பிரித்தெடுக்கும் வகைச் சரக்கும் சந்தையில் இருக்கிறது. வசதியுள்ள பொரிப்பகங்களுக்கு அது நல்ல வழி. அதை வாங்க முடியாதவர்கள் ஹைப்போகுளோரைட்டில் ஓட்டைக் கரைத்துவிட்டுப் பொரிக்க வைக்கலாம். பழுப்பு முட்டை சாம்பல் நிறமாகி, பிறகு ஆரஞ்சாக மாறும் அந்தச் சில நிமிடங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடாமல் பனிக்கட்டி போட்டுக் காக்க வேண்டும். இறுதியில் தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறிக்க வேண்டும். வேலை கூடுதல்தான். ஆனால் விப்ரியோ தொல்லையும் ஓட்டுத் தொல்லையும் ஒருங்கே ஒழியும்.

பொரித்த நாப்ளி வாய் திறந்து தின்னாத முதல் பருவத்தில் தன் கருவிலிருந்த சத்தையே செலவழித்துக்கொண்டிருக்கிறது. அறை வெப்பத்தில் ஒரு நாள் விட்டால் அந்தச் சத்தில் கால் பங்கு அளவுக்குக் கரைந்துபோகும். உருவமும் பெரிதாகிக் குஞ்சின் வாய்க்குள் அடங்காது. எனவே ஒரு வேளைக்குப் பொரித்ததை அந்த வேளைக்கே கொடுப்பது, மிஞ்சியதை 4 டிகிரிக் குளிரில் மெல்லிய காற்றோடு வைத்து அடுத்தடுத்த வேளைகளுக்கு எடுப்பது என்ற இரண்டையும் கடைப்பிடித்தால் முட்டைச் செலவு கண்கூடாகக் குறைகிறது. நல்ல நுண்தீவனங்களும் இப்போது கிடைக்கின்றன. மைசிஸுக்கு அடுத்ததான பி.எல். (போஸ்ட் லார்வா) பருவம் முன்னேற முன்னேற அவற்றின் பங்கை உயர்த்தி ஆர்ட்டீமியாவைக் குறைக்கலாம். மைசிஸ் பருவத்தில் மட்டும் நான் கைவைப்பதில்லை. அங்கே மிச்சம் பிடித்தால் பிழைப்பு விகிதத்தில் திரும்பக் கொடுக்க நேர்கிறது.

ஆனால் சிக்கனம் எவ்வளவு செய்தாலும் முட்டை வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்ற நிலை மாறாது. இங்கேதான் நம் உப்பளங்களின் பேச்சு வருகிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில்; அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில். அங்குள்ள உப்பளங்களில் ஆண் இல்லாமலே பெருகும் ஆர்ட்டீமியா வகை இயற்கையாக வாழ்வது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்களுக்குத் தெரிந்ததே. கடல்நீர் முதலில் வந்து தேங்கும் பாத்திக்கும் உப்பு விளையும் பாத்திக்கும் நடுவில் நீர் படிப்படியாகச் செறியும் பாத்திகள் இருக்கின்றனவே, அவைதான் அதன் வீடு. உப்பளக்காரருக்கு அதனால் கெடுதல் கிடையாது. நீரிலுள்ள பாசியை அது தின்று தீர்ப்பதால் விளையும் உப்பு சுத்தமாகிறது என்பது உலகெங்கும் உப்புத் தொழிலில் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி.

வடகிழக்குப் பருவமழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், ஆண்டு முழுவதும் இருக்காது, ஆகவே இங்கே ஆகாது என்று ஒரு வாதம் எப்போதும் எழும். இதற்கு வியட்நாமின் வின் சாவ் பகுதி நேர்ப் பதிலாக நிற்கிறது. மேக்காங் கழிமுகத்தை அடுத்த அந்த உப்பளங்களிலும் மழைக்காலத்தில் ஆர்ட்டீமியா நிலைப்பதில்லை. 1980-களில் கன் தோ பல்கலைக்கழகத்தார் அங்கே ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் மழை ஓய்ந்து நீர் செறிந்ததும் முட்டையைப் பொரித்துப் பாத்திகளில் விதைக்கிறார்கள். கோழி எருவிட்டுப் பக்கத்துக் குளத்தில் பாசி வளர்த்துப் பாய்ச்சுகிறார்கள். பாத்தியின் ஆழத்தைக் கூட்டி வெயிலின் சூட்டைத் தணிக்கிறார்கள். காற்று ஒதுக்கும் மூலையில் நாள்தோறும் முட்டையை வலையால் அள்ளிக் கெட்டி உப்புநீரில் சேமிக்கிறார்கள். மழை திரும்பி வரும்போது பருவம் முடிகிறது. உப்பு மட்டும் விளைவித்துக் கடனில் இருந்த சிறு விவசாயிகளுக்கு அது இரண்டாவது வருமானமாயிற்று. அந்த முட்டை அளவில் சிறியது என்பதால் குஞ்சுகளின் வாய்க்கு ஏற்றதாக நல்ல பெயரும் பெற்றிருக்கிறது. தூத்துக்குடியின் உப்புப் பருவமும் ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பித்துப் பருவமழைக்கு முன் முடிவது. காலக்கணக்கு ஏறத்தாழ ஒத்துவருகிறது.

ஒரு நியாயமான தயக்கம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. வியட்நாமில் விதைக்கப்படுவது அமெரிக்காவின் ஃபிரான்சிஸ்கானா இனம். அது விரைவாகப் பெருகும். சென்ற இடத்து உள்ளூர் வகையைத் துரத்திவிடும். போர்ச்சுகல், ஸ்பெயின் முதலிய நாடுகளின் உப்பளங்களில் அதுதான் நடந்தது. நம் நாட்டின் உப்பளங்களிலும் அந்த இனம் காணப்பட்டிருக்கிறது. பொரிப்பகக் கழிவுநீர் வழியாகவும் அது பரவ வாய்ப்புண்டு. எனவே எந்த வகையை எந்த உப்பளத்தில் விதைப்பது என்பதை உப்பள உரிமையாளரும் ஹேட்சரிக்காரரும் தாமாகவே முடிவு செய்யக் கூடாது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் முன்நின்று, உள்ளூர் வகையின் முட்டையைச் சேமித்துப் பாதுகாத்துவிட்டு, அதன் பிறகே விதைப்புக்கு வழிகாட்ட வேண்டும். உள்ளூர் வகையையே தேர்ந்தெடுத்து விளைவிக்க முடிந்தால் எல்லாவற்றிலும் நல்லது.

முட்டை மட்டுமே பயன் என்று நினைப்பதும் சரியன்று. வளர்ந்த ஆர்ட்டீமியாவை உயிரோடோ உறைய வைத்தோ தாய் இறாலுக்குக் கொடுக்கலாம். வண்ண மீன் வளர்ப்போரும் வாங்குவார்கள். கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்கு அருகில் இருப்பவர்களுக்கு இதற்கான தேவை எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை கொஞ்சமாக வந்த ஆண்டில்கூட உப்பளக்காரருக்குக் கை கடிக்காமல் இருக்க இந்த வருமானம் உதவும்.

எங்கள் வட்டாரத்துப் பொரிப்பகங்கள் சிலவற்றோடு இது பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறேன். உப்பள உரிமையாளர் ஒருவர் சில பாத்திகளை ஒதுக்கித் தர வேண்டுமானால், விளைந்த முட்டையைப் பொரிப்பு விகிதத்துக்கு ஏற்ற விலையில் வாங்கிக்கொள்கிறோம் என்று வாங்குவோர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் ஜனவரிக்குள், பாத்திகளில் கடல்நீர் ஏற்றும் முன்பே. உள்ளூர் முட்டையை யார் சுத்தம் செய்து உலர்த்துவது, உறக்கம் கலையாத முட்டையை எப்படிப் பொரிக்கும் நிலைக்குக் கொண்டுவருவது என்ற இரண்டு கேள்விகள்தான் எல்லோரும் கேட்டவை. முதலாவதற்கு வின் சாவில் செய்வதுபோல் உலர்த்தாமல் கெட்டி உப்புநீரிலேயே ஈரமாக வைத்து, அந்தப் பருவத்துக்குள் பயன்படுத்திவிடலாம் என்பது என் யோசனை. பக்கத்திலேயே விளையும் சரக்குக்கு டப்பா தேவையில்லை. இரண்டாவதற்குக் குளிரில் வைத்தல், ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்தல் என்று அறிந்த வழிகள் இருக்கின்றன. ஆனால் தூத்துக்குடி வகைக்கு எது, எந்த அளவில் ஒத்துவரும் என்பதை ஆய்வகத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பகுதிகளில் உப்பளம் வைத்திருப்பவர்களோ அங்கே வேலை செய்பவர்களோ இதைப் படித்தால், உங்கள் பாத்திகளில் ஆர்ட்டீமியா எந்த மாதத்தில் தென்படுகிறது, நீரின் உப்புச் செறிவு எத்தனை டிகிரி இருக்கும்போது சிவந்து திரள்கிறது, கரையோரம் பழுப்பு நிறத் துகள் எப்போது ஒதுங்குகிறது என்பவற்றை எழுதுங்கள். விதைப்புக்கான கால அட்டவணையை அதிலிருந்துதான் தொடங்க முடியும்.